போருக்குள் சட்டம்: காவிரிப் படுகையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் போர்ச் சட்டம் பற்றிப் பேசப் போனால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முடிந்தவரை நம் பகுதியின் வரலாற்றிலிருந்தே சான்று காட்டியிருக்கிறேன். தேடிப் போகத் தேவையில்லாத அளவுக்கு இந்த மண்ணில் போரும் நடந்திருக்கிறது, அதைத் தட்டிக்கேட்ட குரலும் எழுந்திருக்கிறது.

போர் வந்துவிட்டாலே சட்டம் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அதற்குள் என்ன சட்டம்?

இரண்டு கேள்விகள் இதில் கலந்துகிடக்கின்றன. போரை ஆரம்பிக்கலாமா என்பது ஒன்று. ஆரம்பித்துவிட்ட போரை எப்படி நடத்த வேண்டும் என்பது இன்னொன்று. சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. அநியாயமாகப் படையெடுத்து வந்தவனின் சிப்பாய்க்கும் பிடிபட்டால் சோறும் மருந்தும் உண்டு. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருப்பவனும் ஆஸ்பத்திரியின் மேல் குண்டு போடக் கூடாது. இது பலருக்கு உறுத்தும். ஆனால் இப்படிப் பிரிக்காவிட்டால், ஒவ்வொரு தரப்பும் "நியாயம் எங்கள் பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டு எதையும் செய்துவிடும்.

சங்க காலத்தில் போர் விதிகள் இருந்தனவா?

இருந்தன. புறநானூற்றின் 9ஆம் பாட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. பசுக்களும், பார்ப்பனரும், பெண்களும், நோயாளிகளும், பிள்ளை பெறாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் அறத்தை அது புகழ்கிறது. தாக்கும் முன் பொதுமக்களை எச்சரிக்க வேண்டும் என்று, போரில் சிக்கியவர்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்ந்த கூடுதல் நெறிமுறை சொல்வதும் இதே போன்றதுதான்.

இதைச் சொன்னால் அரங்கில் கைதட்டல் எழும். கூடவே இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுவேன். அந்தப் பட்டியலில் உழவர் இல்லை, கூலியாள் இல்லை. அறிவிப்பு கிடைப்பது குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். அப்புறம், அது அரசனைப் புகழும் பாட்டு. இப்படி நடக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததற்கு அது சான்று. எல்லாப் போரும் அப்படியே நடந்தது என்பதற்குச் சான்றாகாது. தொல்காப்பியம் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரைத் திணைகளாகப் பிரித்ததும் அப்படித்தான்: போருக்கு ஒரு முறை உண்டு என்ற நம்பிக்கையை அது காட்டுகிறது.

விதியை மீறினால் அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் சட்டத்துக்கும் போருக்குமான உறவு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. விதிக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமே வந்ததில்லை. போய்க் கேட்பது யார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

சோழ நாட்டில் கேட்டவர் சங்கப் புலவர் கோவூர் கிழார். ஒரே சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் சண்டை. நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிட்டான். வெளியே முற்றுகை. உள்ளே என்ன நடக்கிறது என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: யானைகளுக்குக் கவளமும் இல்லை, குளிக்கக் குளமும் இல்லை, பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூ இல்லாத வெறும் தலையை முடிகிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நீ உள்ளே ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு. அறத்தோடு நிற்பவனானால் "இது உன்னுடையது" என்று சொல்லிக் கதவைத் திற. வீரனானால் போரிடத் திற. இதுதான் புறநானூறு 44.

இதை இருபதாம் நூற்றாண்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டது, லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1948இல் அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி வான் லீபை விசாரித்த நீதிபதிகள், முற்றுகையில் பட்டினி போடுவது அன்றைய சட்டப்படி குற்றமாகாது என்றார்கள். சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கலாமே என்ற ஆதங்கத்தையும் தீர்ப்பிலேயே எழுதினார்கள். பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கையாளக் கூடாது என்ற எழுத்து வடிவ விதி 1977இல்தான் வந்தது. பாலுக்கு அழுத குழந்தையை ஆவூரில் ஒரு புலவர் எடுத்துக்காட்டியதற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு.

கோவூர் கிழார் அதோடு விடவில்லை. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடப் போனபோதும் குறுக்கே நின்றார். புதிய இடத்தைப் பார்த்து மிரண்ட அந்தப் பிள்ளைகள், யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பாடினார். அந்த ஒரு காட்சி போதாதா? இன்னொரு முறை, உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று சொல்லி நெடுங்கிள்ளி கொல்லப் போனான். அப்போதும் இவர்தான் காப்பாற்றினார். ஒற்றனாகவே இருந்தாலும் விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்று போர் முறைகளைக் கட்டுப்படுத்தும் ஹேக் ஒப்பந்தம் சொன்னது 1899இல், மறுபடியும் 1907இல்.

ஆனால் பிள்ளைகளுக்காகப் பாடிய அந்தப் பாட்டு எப்படி முடிகிறது தெரியுமா? "கேட்டனை யாயின்நீ வேட்டது செய்ம்மே." கேட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய். புலவரால் எடுத்துச் சொல்ல முடியும், கட்டளையிட முடியாது. அந்தப் பிள்ளைகள் பிழைத்தது அரசன் மனம் இரங்கியதால்தான்.

கோவில்வெண்ணிப் போருக்கும் சட்டத்துக்கும் தொடர்பு உண்டா?

சட்டத்தோடு இல்லை, மானத்தோடு உண்டு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்வெண்ணிதான் சங்கப் பாடல்களின் வெண்ணி. அங்கே கரிகாலனிடம் தோற்ற சேரன் பெருஞ்சேரலாதன், முதுகில் புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டான். வென்ற கரிகாலனைப் பார்த்தே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று பாடினார் வெண்ணிக் குயத்தியார். எழுதாத விதிகளைக் காத்தது பெரும்பாலும் இந்த மானம்தான்.

மனுவும் கௌடில்யரும் திருக்குறளும் என்ன சொல்கின்றன?

விஷம் தோய்த்த ஆயுதம், சரணடைந்தவன், தூங்குபவன் ஆகியவை குறித்த தடைகள் மனுநூலில் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வஞ்சகப் போரையும் அனுமதிக்கிறது, விழுந்தவனையும் சரணடைந்தவனையும் விட்டுவிடவும் சொல்கிறது. குறள் 773, பகைவனுக்கு ஒரு தாழ்வு வரும்போது உதவுவதை ஆண்மையின் கூர்மை என்கிறது.

சோழர்கள் விதிப்படி போரிட்டார்களா?

தஞ்சாவூரில் இதைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் கர்நாடகத்திலுள்ள ஹொட்டூர்க் கல்வெட்டைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 1007ஆம் ஆண்டை ஒட்டிய சாளுக்கியக் கல்வெட்டு அது. சோழப் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பனரையும் கொன்றது என்று குற்றம் சாட்டுகிறது. எதிரி எழுதியது, மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் எந்தக் குற்றங்களைப் பொறுக்கி எடுத்து எழுதியிருக்கிறான் பாருங்கள். பெண்களும் பார்ப்பனரும் புறநானூறு காப்பாற்றச் சொன்ன அதே மக்கள். விதி இரண்டு நாட்டுக்கும் தெரிந்திருந்தது.

நம் பக்கத்துச் சான்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலேயே நிற்கிறது. கறுப்புக் கல்லில் செதுக்கிய சாளுக்கியத் துவாரபாலகர். பீடத்தில் தமிழ் எழுத்து: விஜயராஜேந்திர தேவர் கலியாணபுரம் எறிந்து கொண்டுவந்த துவாரபாலகர் என்ற பொருளில் வெட்டியிருக்கிறது. விஜயராஜேந்திரன் என்பது முதலாம் ராஜாதிராஜனின் பட்டம். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் சாளுக்கியத் தலைநகரை அழித்துவிட்டு எடுத்து வந்த சிலை இது. பிறகு தாராசுரம் கோயிலுக்குப் போய், அங்கிருந்து கலைக்கூடத்துக்கு வந்தது. அடித்துப் பறித்ததை மறைக்காமல் கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டார்கள். அன்று அது வெற்றியின் உரிமை. தோற்ற ஊரைக் கொள்ளையடிப்பதையும் கலைப்பொருளைப் பறிப்பதையும் 1907 ஹேக் விதிகள் தடை செய்தன. பண்பாட்டுச் செல்வங்களைப் போரில் காக்கவே தனி ஒப்பந்தம் 1954இல் வந்தது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு.

வினை திரும்பியும் வந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். மாடங்களை இடித்து, குளங்களைக் கெடுத்து, கழுதை பூட்டி உழுது வரகு விதைத்ததாக அவன் புகழைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியே சொல்லிக்கொள்கிறது. அதே மன்னன் ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்கிறது திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு. பட்டினப்பாலை பாடியதற்காகக் கரிகாலன் புலவருக்குக் கொடுத்த பதினாறுகால் மண்டபம் அது. ஊரே எரியும்போது பாட்டுக்காக ஒரு மண்டபம் தப்பியது. பண்பாட்டுச் சொத்தைக் காப்பது பற்றி வகுப்பெடுக்கும்போது ஐரோப்பிய உதாரணத்துக்கு முன் இதைத்தான் சொல்கிறேன். மனிதர் குடியிருந்த வீடுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐரோப்பியர் வந்ததும் என்ன மாறியது?

காகிதம் வந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க்குடன் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியைக் கொடுத்தார். நாகப்பட்டினம் போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் கைக்கும், 1781இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. அதற்குப் பிறகு நம் கரையோர ஊர்கள் எங்கோ நடந்த போர்களால் கை மாறின. நெப்போலியன் காலப் போரில் டென்மார்க் எதிரணியில் நின்றது என்பதற்காக 1808இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்டார்கள். சமாதானம் ஆனதும் திருப்பிக் கொடுத்தார்கள். 1845இல் விலைக்கே வாங்கிவிட்டார்கள். காரைக்கால் பல முறை ஆங்கிலேயர் பிடியில் சிக்கி, ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கைகளால் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. அந்தக் கையெழுத்துகளுக்கு முன் காரைக்கால்காரர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று சொல்லப்படும் க்ரோஷியஸ் எழுதத் தொடங்கியதும் நம் கடல் பக்கத்துச் சண்டையால்தான். 1603இல் சிங்கப்பூர் அருகே ஒரு போர்த்துகீசியக் கப்பலை டச்சுக்காரர் பிடித்தார்கள். அது சரிதான் என்று டச்சுக் கம்பெனிக்காக வாதம் எழுதிக் கொடுத்தவர் அவர். போரும் சமாதானமும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1625இல் வந்தது.

தஞ்சாவூர் ராணி கம்பெனி மேல் வழக்குப் போட்டது உண்மையா?

உண்மை. சட்ட மாணவர்கள் உலகம் முழுக்கப் படிக்கும் வழக்கு, ஆனால் தஞ்சாவூரில் பலருக்குத் தெரியாது. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி படை பலத்தோடு வந்து ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டது. அதோடு நிற்காமல் அரண்மனையையும் மன்னரின் சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மன்னரின் மனைவி காமாட்சிபாய் சாகேபா, கணவருடைய சொந்தச் சொத்து எனக்குச் சேர வேண்டும் என்று சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஜெயித்தார்.

கம்பெனி லண்டனில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859இல் தீர்ப்பு தலைகீழானது. கம்பெனி இங்கே ஒரு அரசாக நின்று இன்னொரு அரசின் மேல் அதிகாரத்தைக் காட்டியிருக்கிறது. இது அரசுச் செயல். நியாயமா அநியாயமா என்று பார்க்கும் அதிகாரம் எந்த உள்நாட்டு நீதிமன்றத்துக்கும் இல்லை என்றார்கள். இந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வணிகம் செய்யும்போது கம்பெனி, பறிக்கும்போது அரசு. பின்னாளில் சுதேச சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது எழுந்த வழக்குகளில் நம் நீதிமன்றங்களே இந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டன. போய்க் கேட்பதற்கு இப்போது நீதிமன்றம் இருந்தது, ஆனால் கேட்கக் கூடாது என்று அதுவே தன் வாயைக் கட்டிக்கொண்டது.

ஜெனீவா ஒப்பந்தங்கள் எப்படி வந்தன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

காமாட்சிபாய் வழக்கு முடிந்த அதே 1859இல், ஜூன் 24ஆம் தேதி, இத்தாலியின் சோல்ஃபெரினோவில் பெரும் போர். காயம்பட்டவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்த சுவிஸ் வணிகர் ஆன்ரி துனான் எழுப்பிய குரலால் செஞ்சிலுவை இயக்கமும், 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் பிறந்தன. 1899, 1907 ஹேக் மாநாடுகள் ஆயுதங்களையும் போர் முறைகளையும் கட்டுப்படுத்தின. 1925இல் விஷவாயுத் தடை. போர் தொடுப்பதையே தடை செய்தது 1945 ஐ.நா. சாசனம், தற்காப்பும், பாதுகாப்புச் சபையின் அனுமதியும் விதிவிலக்கு. இன்று நாம் சொல்லும் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள் 1949 ஆகஸ்ட் 12 தேதியிட்டவை.

சயாம் மரண ரயிலில் செத்த நம் ஆட்களுக்குச் சட்டம் என்ன செய்தது?

அப்போது ஒன்றும் செய்யவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் அங்கிருந்து ரப்பர் தோட்டங்களுக்கும் போன குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். 1942, 43இல் ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் அவர்களைவிடப் பல மடங்கு. இறப்பு 90,000 அளவில் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாத் தமிழர்கள் அதில் பெரும் பங்கு.

கைதிகளுக்காவது 1929 ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது, ஏற்புறுதி செய்யவில்லை. தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போன கூலிக்கு அது போன்ற தனி ஒப்பந்தம் எதுவுமே இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக இருக்கின்றன. கூலிகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 1949இன் நான்காம் ஒப்பந்தம்தான் முதன்முறையாகப் பொதுமக்களுக்கென்றே எழுதப்பட்டது. ஆக்கிரமித்த நாட்டின் மக்களைப் போர் நடவடிக்கையோடு சேர்ந்த வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

போர் வந்தால் கல்லணையையும் மேட்டூரையும் தாக்கலாமா?

விவசாயிகள் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி. 1977 நெறிமுறையின் 54ஆம் பிரிவு, மக்கள் உயிர்வாழத் தேவையான குடிநீர், பயிர், பாசனக் கட்டுமானங்களைக் காக்கிறது. 56ஆம் பிரிவு அணை, கரை, அணுமின் நிலையம் மூன்றையும் காக்கிறது. உடைந்தால் பொதுமக்களுக்குப் பேரிழப்பு வரும் என்றால், ராணுவ இலக்காகவே இருந்தாலும் தாக்கக் கூடாது. சில குறுகிய விதிவிலக்குகள் உண்டு.

இந்த விதிக்குப் பின்னால் தண்ணீரில் போன உயிர்கள் இருக்கின்றன. 1938இல் ஜப்பானியரைத் தடுக்க சீன அரசே மஞ்சள் நதிக் கரையை உடைத்தது. லட்சக்கணக்கான சொந்தக் குடிகள் அழிந்தார்கள். 1943 மே மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மோனே அணையை உடைத்தன. இறந்தவர்களில் பலர், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வெளிநாட்டுப் பெண்கள்.

நமக்கும் அனுபவம் உண்டு. 1781இல் ஐதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைச் சீமையின் பாசனம் சிதைந்தது, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், விளைச்சல் படுத்துவிட்டது. கோட்டைக்குள் பஞ்சம். ராஜாவின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்பி நெல் கொண்டுவர உழவர் தயாராக இல்லை. பாதிரியார் சுவார்ட்ஸ் விலைக்குத் தானே பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் நெல் உள்ளே வந்தது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கே மதகு கெட்டால் கடைமடையில் நாற்று கருகும். வெள்ளம் வராமலேயே ஊர் அழிய இது போதும்.

இந்தியா அந்த 1977 நெறிமுறையில் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானோடு 1988இல் ஒரு உடன்பாடு இருக்கிறது, அணுசக்தி நிலையங்களை ஒருவருக்கொருவர் தாக்குவதில்லை என்று. ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் தேதி இரு நாடுகளும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. உறவு கெட்டுக்கிடந்த ஆண்டுகளிலும் மாற்றிக்கொண்டார்கள். அணைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து.

மீன்பிடிப் படகைப் போரில் பிடிக்கலாமா?

கூடாது. 1898இல் அமெரிக்கக் கடற்படை பாக்கேட் அபானா, லோலா என்ற இரண்டு கியூபா மீன்பிடிப் படகுகளைப் பிடித்து விற்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1900இல் அது தவறு என்று தீர்ப்பளித்தது. கரையோர மீனவரைப் பிடிக்காமல் விடும் வழக்கத்தைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் போய்த் தேடி எழுதிய தீர்ப்பு அது. 1907 ஹேக் ஒப்பந்தம் அதையே விதியாக்கியது.

அக்கரைப்பேட்டையிலோ கோடியக்கரையிலோ இதைச் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: அப்புறம் எங்கள் ஆட்களை ஏன் பிடிக்கிறார்கள்? இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போர் இல்லை. அதனால் இந்த விதி பொருந்தாது. 1974, 1976 எல்லை உடன்பாடுகளும் கடல் சட்ட ஒப்பந்தமும்தான் பொருந்தும். அந்த ஒப்பந்தத்தின் 73ஆம் பிரிவு, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி மீறலுக்குச் சிறைத் தண்டனை கூடாது என்கிறது, நாடுகள் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர. கரையை ஒட்டிய கடலுக்குள் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் படகுகளின் இழுவை மடியால் தங்கள் வலையும் கடலும் நாசமாகின்றன என்று யாழ்ப்பாணத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு பக்கமும் நம்மவர்தான்.

இந்தியாவில் போர்க்குற்றம் நடந்தால் நான் வழக்குப் போடலாமா?

ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 1960 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அரசோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இந்தச் சட்டம் தனிநபருக்குத் தனியாக நிவாரணம் எதையும் தரவில்லை என்று 1969இல் கோவா பாதிரியார் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2002இல் இயங்கத் தொடங்கிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியா உறுப்பினர் அல்ல. ஆக, கேட்கும் உரிமை அரசிடமே இருக்கிறது. இது போதாது என்று நினைக்கிறேன்.

வல்லரசு மீறினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாதே, பிறகு எதற்கு இந்தச் சட்டம்?

பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பெர்க்கிலும் டோக்கியோவிலும் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் கூண்டில் நின்றவர்கள் தோற்றவர்கள் மட்டுமே. டோக்கியோ நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால் இதை எழுதியே மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்.

ஆனாலும் எந்த அரசும் இன்று பீடத்தில் "எறிந்து கொண்டுவந்தது" என்று வெட்டி வைப்பதில்லை. குண்டு போட்டுவிட்டு, அங்கே ராணுவம் இருந்தது என்று வாதாடுகிறது. அந்த வாதம் பொய்யாகவே இருக்கட்டும். வாதாட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டால் படத்தையும் சாட்சியையும் வைத்து மறுக்க முடியும். கைதி முகாமுக்குள் செஞ்சிலுவைக்காரர் போய் பெயர் எழுதிக்கொள்கிறார். பெயர் எழுதப்பட்ட கைதியைக் காணாமல் ஆக்குவது கடினம்.

படிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3ஆம் பிரிவை முதலில் படியுங்கள். ஒரு பக்கம்தான் வரும், உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். அப்புறம் புறநானூறு 44 முதல் 47 வரை, உரையோடு. சட்டக் கல்லூரி மாணவராக இருந்தால் காமாட்சிபாய் வழக்குத் தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு, கம்பெனி சார்பிலும் ராணி சார்பிலும் மாறி மாறி வாதாடிப் பாருங்கள். தஞ்சாவூர் போகும்போது கலைக்கூடத்தில் அந்தத் துவாரபாலகரின் பீட எழுத்தைப் படிக்க மறக்காதீர்கள்.